வளையல் கையும் டிரிப்ஸ் கையும்

தொண்ணூறுகளின் கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வாந்தியில் துவண்டுபோயிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் எடுக்கப் போனேன். இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையில் முழங்கை வரை வளைகாப்பு வளையல்கள்.

“அதுமேல கை வெக்காதம்மா, பிரசவம் வரைக்கும் தொடக்கூடாது” என்றார் மாமியார்.

வாக்குவாதம் எதற்கு என்று டிரிப்ஸ் ஏறும் கையிலேயே எடுத்துவிட்டேன். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியது. டாக்டர் இன்சுலின் எழுதினார்.

நர்ஸ் அதை ஊசியில் ஏற்றுவதைப் பார்த்ததும்தான் செய்த தப்பு உறைத்தது. குறுக்கே போய் நின்றேன்.

“போடாதீங்க சிஸ்டர்! நான் டிரிப்ஸ் கையில எடுத்துட்டேன். அது அவங்க சர்க்கரை இல்ல, பாட்டில் சர்க்கரை!”

லேப் முதலாளி என்னை ஓரமாக இழுத்தார். “எல்லார் முன்னாடியும் கத்தணுமா? லேப் பேரு என்னம்மா ஆகும்?”

“போனா போகட்டும் சார். ரெண்டு உயிர் போகக்கூடாது.”

அந்தப் பெண் மாமியாரைப் பார்க்காமல் வளையல்களை இரண்டு விரல் அளவு கீழே தள்ளி, வலது கையை நீட்டினாள். ஒன்றுகூட உடையவில்லை. சர்க்கரை தொண்ணூறு.

அதற்கப்புறம் யார் முறைத்தாலும் டிரிப்ஸ் ஓடும் கையில் நான் ஊசி வைத்ததில்லை. திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அன்றைக்கு மாமியார் முன்னால் எனக்கு இல்லாமல் போனது அந்தத் திமிர்தான்.