மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போனோம்

போன வருஷம், மழை ஓய்ந்து தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு பெரிய மாமரம் உண்டு. அந்த மழையில் அடித்த காற்றுக்கு அதன் தடித்த கிளை ஒன்று முறிந்து, துணி துவைக்கும் கல்லையே மறைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. மற்ற வருஷமாக இருந்தால் அன்று மாலையே என் கணவர் கோடாலியைத் தூக்கியிருப்பார். இந்த முறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் நிலக்கரி மைன்ஸில் ஆப்பரேட்டர். மலை மாதிரி மண்ணை அள்ளித் தள்ளும் ராட்சத மிஷினை ஓட்டியவர். அந்த வருஷக் கோடையில் பக்கவாதம் வந்ததில் இடது கை பலமிழந்துவிட்டது. நடப்பார், பேசுவார், பிடிமானம் மட்டும் திரும்பவில்லை. ஆபீஸில் உட்கார வைத்து லைட் டியூட்டி கொடுத்தார்கள். வேலை போகவில்லையே என்று நான் சாமிக்கு விளக்கேற்றினேன். அவரோ பேச்சையே பாதியாகக் குறைத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்துவிட்டது என்று மைன்ஸில் ஆப்பரேட்டர் தன் பாட்டுக்கு இறங்கிவிட மாட்டார். அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், மேலே ஏறி வர வேண்டும். மிஷின் எப்படி இருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் சீட்டை விட்டு எழுந்திருப்பார். ரிலீவர் வர நேரமானால் என் சமையல் ஆறிப் போகும். முகம் தெரியாத அந்த ஆட்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது என் அடுப்புக்குத்தான் தெரியும். பக்கவாதம் வந்ததுகூட டியூட்டியில்தான். அன்று அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். "யார்கிட்டயும் சொல்லாம எறங்கிட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் வாய் குழறச் சொன்னார். உயிர் பிழைத்ததே பெரிது, இதுவா இப்போது கவலை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கையில் தைலம் தேய்த்து தினமும் வெந்நீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஹீட்டர் இருக்கிறது. ஆனால் விறகடுப்பில் காய்ந்த தண்ணீர்தான் உடம்பில் இறங்குகிறது என்பது அவர் கட்சி. கிளை விழுந்ததிலிருந்து செல்போனில் மரம் அறுக்கும் மிஷின் வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். பெட்ரோல் மிஷின் எது, கரண்டில் ஓடுவது எது, பிளேடு எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஒரே ஆராய்ச்சி. மாங்கிளையை விறகாக்கியதும் முருங்கையைக் கழித்துவிட வேண்டும், வேம்பில் கரண்ட் கம்பியைத் தொடும் கொம்பை எடுக்க வேண்டும் என்று திட்டம் வளர்ந்துகொண்டே போனது. ஆள் வைத்து வெட்டுங்கள் என்று மகள் போனில் கத்தினாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்றால் மனுஷர் இன்னும் சுருங்கிப் போவார். சரி என்றால் இருக்கிற நல்ல கைக்கும் ஆபத்து. கடைசியில், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று வடலூருக்கு பஸ் ஏறினோம்.

மோட்டார், மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், ரம்பம் எல்லாம் விற்கும் கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். என் கணவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். மைன்ஸில் மிஷின் ஓட்டியவர் என்று தெரிந்ததும் பாயே நாலு சந்தேகம் கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு இவர் வாய் நிறையப் பேசி அன்றுதான் கேட்டேன். ஆனால் இவர் கண் போனது இருப்பதிலேயே பெரிய பெட்ரோல் மிஷின் மேல். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா என்றார்.

அதைத் தரையில் வைத்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, வலது கையால் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். இழுத்தார். இடது கை நழுவி மிஷின் புரண்டது. மறுபடி இழுத்தார். மறுபடி நழுவியது. கடையில் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வந்த முந்திரித் தோப்புக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் இவரையே பார்த்தார்கள். இவர் முகம் வேர்த்துவிட்டது. எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

பாய் சாவகாசமாக வந்து, அவர்கள் பார்வைக்கும் இவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். "வுடுங்க சார். இந்த பீஸு கயிறு இறுக்கமா கீது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்னு சொல்லிகினே இருக்கேன்" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. பிறகு உள்ளே போய் பேட்டரியில் ஓடும் சின்ன மிஷின் ஒன்றை எடுத்துவந்தார். கயிறு கிடையாது, பொத்தான்தான். வீட்டு விறகுக்கும் கிளை கழிக்கவும் இதுவே தாராளம் என்றார். இவர் கையை நீட்டினார். பாய் அதை என் கையில் வைத்தார்.

நான் அரிவாள்மனையைத் தாண்டி எந்த ஆயுதமும் பிடித்தவள் இல்லை. திருதிருவென்று விழித்தேன்.

"இது தனியாளு மிஷின் இல்லம்மா. ரெண்டு கையால புடிக்க ஒருத்தரு, தள்ளி நின்னுகினு பாக்க ஒருத்தரு வேணும். புடிக்கறவங்களுக்குச் சத்தத்துல ஒண்ணும் தெரியாது. பாக்கறவருதான் முக்கியம். சாருக்கு அது நான் சொல்லித் தரணுமா?" என்றார்.

இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, காலை அகட்டி நில் என்று என்னிடம் சொன்னார். அந்தச் சின்ன மிஷினையே வாங்கினோம்.

எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது கடையிலிருந்து சத்தம் கேட்டுத் திரும்பினேன். முந்திரிக்காரர் ஒருவருக்காக பாய் அதே பெரிய மிஷினைத் தரையில் வைத்து இழுத்தார். ஒரே இழுப்பில் உறுமிக்கொண்டு கிளம்பியது. இவர் கண்ணில் படக்கூடாதே என்று அவசரமாக மறைத்து நின்றேன். பஸ்ஸில் ஏறினோம். மனம் நொந்துவிட்டாரோ என்று எனக்குள் ஒரே பதைப்பு. டவுன்ஷிப் வளைவு தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"கயிறு நல்லாதான் இருந்திச்சி" என்றார்.

"பாத்தேங்க" என்றேன்.

"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரக்கை விற்க வேண்டிய மனிதர், பத்துப் பேர் முன்னால் தன் சரக்கையே மட்டம் தட்டிப் பேசியது யாருக்காக என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். என் புடவைக்கு மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் மகள் விட்டுப்போன ஷூ, கண்ணில் கண்ணாடி. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி பார்த்திருந்தால் பிளாக் முழுக்கச் சிரித்திருக்கும். பரணிலிருந்த தன் மைன்ஸ் ஹெல்மெட்டைத் தானே துடைத்து என் தலையில் வைத்தார். வலது கையால் மிஷினை எடுத்து, பெஞ்சில் வைத்து, என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"ஆயில் ஊத்தியாச்சு. செயின் சரியா இருக்கு. பேட்டரி புல்லு. மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரிலீவர் வந்தாச்சு. நான் எறங்கறேன்" என்றார்.

அவர் தள்ளிப் போய் நின்று வலது கையை உயர்த்தும்வரை நான் பொத்தானைத் தொடவில்லை. கண்ணாடிக்குள் ஈரமாகி முதலில் கிளையே சரியாகத் தெரியவில்லை. ஒரு கையசைப்பில் நிறுத்தச் சொன்னார், ஒரு கையசைப்பில் தொடரச் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் கிளை பாதி விறகாகிவிட்டது.

இப்போதும் மிஷினை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் ஒப்படைக்காமல் நான் வாங்குவதில்லை. அந்தக் கோடையில் பாதியில் நின்றுபோன அவருடைய ஷிப்டை முறைப்படி முடிக்க வழிசெய்தது, தன் கடைக் கயிற்றின் மேல் பழியைப் போட்ட ஒரு மனிதர்தான் என்பதை ஒவ்வொரு நாளும் வெந்நீர் அடுப்பில் விறகைத் தள்ளும்போது நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.