பேசத்தான் வந்தேன்

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் என் மகள் எஸ்தர் பேச்சை நிறுத்தினாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. முதலில் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். பசித்தால் தட்டை எடுத்துத் தாய் முன்னால் வைப்பாள். அவ்வளவுதான். ஊமைப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தைக் கொளுத்தினார்கள். உடுத்த துணியோடு லொறி ஏறித் திருகோணமலைக்கு வந்தோம். மூன்று தலைமுறை இந்த நாட்டில் கொழுந்து பறித்தும் எங்களுக்குக் குடியுரிமை கிடையாது. இந்தியாக்காரர் என்றுதான் எழுதுவார்கள். எனக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. என்னோடு தூக்கியவர்களில் பாதிப்பேர் மலைநாட்டார், மீதிப்பேர் சிங்களவர். கடற்கரையோரம் ஓலைக் குடிசை போட்டோம். தமிழ் ஊருக்கு வந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

தை மாதம் எஸ்தரை மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். ஆனால் இவள் 'ஆமா' என்றால் வகுப்பே சிரித்தது. அங்கே 'ஓம்' என்பார்கள். இவள் 'முடியாது' என்பதற்கு அவர்கள் 'ஏலாது' என்பார்கள். கதிரையைக் கொண்டு வா என்றால், நாற்காலியைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் நடு வகுப்பில் நிற்பாள். தோட்டக்காட்டாள் என்று பட்டம் வைத்தார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வந்து என் மனைவி மேரியிடம் சொன்னாள்.

"டீச்சர் என்னையப் பாத்து பறையா, பறையான்னு சொல்றாங்கம்மா."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

சபை முன்னால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தோட்டத்தில் பெரிய கங்காணி என் அப்பாவை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார். அப்பாவுக்கு மாசிலாமணி என்று பெயர் இருந்தது. சாகும்வரை கங்காணி வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. அந்தச் சொல் எட்டு வயதுப் பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்குனி மாதம் பள்ளிக்கூட அதிபர் மேரியைக் கூப்பிட்டார். பள்ளித் தவணை முடிவதற்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன் என்றார். டவுனில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குப் பெண்பிள்ளை தேடினார்கள். சாப்பாடு போடுவோம், ஊமையானாலும் பரவாயில்லை என்று சொல்லியனுப்பினார்கள். மேரி அழுதுகொண்டே சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமை கூட்டிப்போக வருவதாகப் பேச்சு. பாத்திரம் கழுவத்தானா அவளை லயத்து நெருப்பிலிருந்து தூக்கி வந்தேன்?

அதற்கு முந்தின வியாழக்கிழமை சபையில் உபவாச ஜெபம். முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அந்த டீச்சரின் நாக்கை இழுத்துவிடும் என்று ஜெபித்தேன். சத்தமாகத்தான் ஜெபித்தேன். பக்கத்தில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

போதகர் என்னை வெளியே கூட்டிப்போனார். அவர் இந்த ஊர்க்காரர். "முதல்ல அந்த டீச்சரோட போய்க் கதையுங்கோ" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை உயிரோடு செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் டீச்சருக்குக் கதை சொல்லச் சொல்கிறாரே என்று நினைத்தேன். கதைப்பது என்றால் அந்த ஊரில் பேசுவது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழி நெடுக வேறு ஜெபம் வரவில்லை. என் பிள்ளையின் வாயைத் திறந்துவிடும், எந்த வழியானாலும் சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பள்ளி விட்ட நேரம். தங்கரத்தினம் டீச்சர் வாசலில் நின்றார். எஸ்தரும் பக்கத்தில் நின்றாள். டீச்சர், உங்ககிட்ட பேசணும் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பேசவோ? என்னைப் பேச நீர் ஆர்?"

"ஆமா, பேசத்தான் வந்தேன். பேசாமப் போக மாட்டேன்."

பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். கடைசியில் அவர் ரோட்டுப் பக்கம் கையை நீட்டி, "பறையாம வெளியில போம்" என்றார்.

என் காதிலும் அதே சொல்தான் விழுந்தது. என் கை மேலே போய்விட்டது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தக் கையைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்தார். கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் அண்ணன், ஹனீபா நானா. கருவாட்டுப் பெட்டியோடு சைக்கிள் ரோட்டில் விழுந்து கிடந்தது.

"தம்பி, கையக் கீழ போடுங்க. அவ உங்கட சாதியச் சொல்லல்ல. பறையாம எண்டா இங்க கதைக்காம எண்டு அர்த்தம்." பிறகு டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், இவர் உங்கள ஏச வரல்ல. பேசுறது எண்டா நமக்கு ஏச்சு, தோட்டத்தில அது கதைக்கிறதுதான்."

இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னார். பல வருடம் மலைநாட்டு லயங்களில் கருவாடு விற்றவராம். ஒருநாள் லயத்தில் விலை பேசிச் சண்டை பிடித்த ஆளைப் பார்த்து, பறையாம இரி என்றிருக்கிறார். உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பல் இல்லை.

"அண்டைக்குப் படிச்சதுதான் தம்பி இந்தப் பாடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எஸ்தரைக் குனிந்து பார்த்தார்.

"நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பறையாத எண்டு சொல்லுறனான். எல்லாப் பிள்ளையளுக்கும்தான் சொல்லுறது. இந்தப் பிள்ளைக்கு அது அப்பிடியோ கேட்டது?"

எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு விளங்கியதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். டீச்சர் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் ஓம், ஏலாது, கதிரை என்று எழுதினார். மறுபக்கம் ஆமா, முடியாது, நாற்காலி என்று எழுதினார். இரண்டும் தமிழ்தான், இரண்டையும் எல்லாரும் படிக்க வேண்டும் என்றார். கடைசியாகப் 'பறையாத' என்று எழுதிவிட்டு, மறுபக்கத்தை வெறுமையாக விட்டார்.

"இதுக்கு உங்கட ஊரில என்ன சொல்லுறது, எஸ்தர்?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேசாத" என்றாள் என் மகள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஏசாதே என்று கேட்டது. வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சர் அந்தச் சொல்லையும் எழுதிவிட்டுத் திரும்பினார்.

"ஓம் பிள்ளை. நான் இனிப் பேச மாட்டன்."

எஸ்தரும் சிரித்தாள். நான் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தேன். அங்கே நெருஞ்சி முள் கிடந்தது. எழுந்த பிறகுதான் வலித்தது.

திங்கட்கிழமை அந்தப் பெரிய வீட்டிலிருந்து வந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்று சொல்லி மேரி அவர்களைத் திருப்பியனுப்பினாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தோட்டக்காட்டாள் என்ற பட்டம் ஒரு வருடத்துக்கு மேலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிபர் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் அன்று ஓங்கிய கையை அதற்குப் பிறகு ஒருவர்மேலும் ஓங்கவில்லை. கோபம் வந்தால், என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கிறேன். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. உங்களைக் கர்த்தர்தான் அனுப்பினார் என்று ஹனீபா நானாவிடம் சொன்னேன். நான் கருவாடு விக்கத்தான் வந்தனான், அனுப்பினவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. போன வருடமும் மலைநாட்டிலிருந்து அடிபட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளே அவர்களை ஓரமாகக் கூட்டிப்போய், 'பறையாத' என்றால் பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

உங்கள் வீட்டிலும் வாய் மூடிய பிள்ளை இருக்கலாம். கோபத்தோடு வருகிற ஜெபமானாலும் ஆண்டவரிடம் கொண்டு போங்கள். நான் நாக்கை இழுக்கச் சொன்னதை அவர் விட்டுவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னதை எடுத்துக்கொண்டார். அவரை நம்புங்கள். ஜெபித்து முடித்ததும் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். வாசலில் நின்று, கதைக்க வந்தேன் என்று சொல்லுங்கள்.