திருப்பிக் கொடுத்த காசோலை

ஓவியமும் சிலையும் வைக்கும் கலை நூதனசாலைக்குப் பெரிய நன்கொடை திரட்டும் வேலையில் ஒரு அம்மாவும் நானும் சேர்ந்து இருந்தோம். குள்ளமானவர், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். பேச்சு நடுவே நேரம் பார்க்கக் கூடாதென்று, கொடையாளர் வீட்டு வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

குருவிட்டவில் நான் வருடக்கணக்காக அலைந்து பழகிய மாணிக்கக்கல் முதலாளி, அன்று ஒரு காசோலையை நீட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மனசுக்கு இது சின்னதுங்க முதலாளி. யோசிச்சுக் குடுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. மறுவாரம் முதலாளி ஒரு மண்டபம் கட்டவே பணம் தந்தார். அதன்பிறகு அந்த அம்மாவுக்குத்தான் போனில் கோல் எடுப்பார். எனக்கு வயிறு எரிந்தது.

கொடகவெலயில் ஒரு தோட்ட முதலாளி தந்த காசோலையைத் திருப்பி நீட்டி, அதே வார்த்தைகளை நானும் சொன்னேன். "அப்ப சரிங்க" என்று அவர் காசோலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா சொன்னபோது மட்டும் அது எப்படி மரியாதையாகக் கேட்டது? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.