பொட்டலத் தாளின் அடிவரி

எங்கள் நியூ டவுன் அலுவலகத்தில் யார் எதை பிரிண்ட் எடுக்கலாம் என்று முடிவு செய்பவன் நான். எடுத்தவர் பெயர் ஒவ்வொரு தாளின் அடியிலும் விழும்படி செய்ததும் நான்தான். போன மாதம் வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று வெளியே போய்விட்டதாகப் புகார் வந்தது. அடிக்கடி பிரிண்ட் எடுப்பவள் மிதாலி. விசாரிக்காமலே அவளுடைய அனுமதியை ரத்து செய்தேன்.

"நான் எடுக்கவே இல்லை, தாதா" என்றாள், வங்காளியில் அண்ணன் என்று அழைத்து. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கரியாஹாட் கடைத்தெருவில் ஜால்முரி என்ற காரப்பொரி வாங்கினேன். பாதிப் பொரியைத் தின்ற பிறகுதான் பொட்டலத் தாளைக் கவனித்தேன். அதே பட்டியல்! மிதாலி மாட்டிக்கொண்டாள் என்று மீதியைக் கொட்டிவிட்டு அடிவரியைத் தேடினேன். எண்ணெய்க் கறைக்குள் என் பெயர் இருந்தது.

எப்போது எடுத்தேன்? ஒன்றும் புரியவில்லை. வீட்டில் சரிபார்க்கக் கொண்டுபோய், பழைய பேப்பரோடு போட்டுவிட்டேனா? மனைவியிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

"கீ ஹோலோ, தாதா? ஜால் பேஷி?" காரம் அதிகமா என்று கேட்டார் பொரிக்காரர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் மிதாலி.

"சிஸ்டம் தப்பு" என்றேன்.

அந்த சிஸ்டத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.