பல்பு அணையக் காத்திருந்த மாலை

ஹெலன் அக்காவின் நினைவுக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். அவருடைய காரில் நாவலூர் அலுவலகத்துக்குப் பல வருடங்கள் போய் வந்தவள் என்பதால் இருக்கலாம். சம்பளப் பிரிவில் அவர் யாரையும் இரண்டாவது முறை அலையவிட்டதில்லை என்று சொன்னேன். அவருடைய கிண்டலைப் பற்றிச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். மேடவாக்கம் சாலையில் மழைக்குள் நின்றுபோன ஒரு மாலையைப் பற்றி நான் சொல்லவில்லை. முன்வரிசையில் ராகவன் சார் இருந்தார். அந்த மாலை என்னைவிட அவருக்குச் சொந்தமானது. அதை எழுதலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். "எழுதும்மா. மழுப்பாம எழுது," என்றார்.

செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அக்கா, கணக்குப் பிரிவு ராகவன் சார், நான், மூவருக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. செம்பாக்கத்தில் வீட்டைவிட்டு வண்டியை எடுக்கும்போது அக்கா அதில் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை போடுவார். அதைப் பார்த்துத்தான் நாங்கள் செருப்பை மாட்டுவோம். அன்று அவர் பெயரில் செய்தி வந்ததும், விடுமுறை நாளில் எங்கே கிளம்புகிறார் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். அவருடைய கணவர் எழுதியிருந்தார். விடியற்காலையில் மாரடைப்பு.

அந்தக் காரை அலுவலகத்தில் உங்களில் பலர் கேலி செய்திருக்கிறீர்கள். இருபது வயது தாண்டிய வண்டி. ஹாரன் அடித்தால் ஃபியூஸ் போகும். அடிக்கடி போகிறதே என்று சேலையூரில் ஒரு மெக்கானிக், அதே இடத்தில் அதிக ஆம்ப்ஸ் தாங்கும் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். "இனிமே போகாது மேடம்," என்றாராம். போகவில்லைதான். சில நாள் கழித்துக் காமராஜபுரம் சிக்னலில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்து புகை வந்தது. ஃபியூஸ் அப்படியே இருக்க, ஒயர் உருகிக்கொண்டிருந்தது. அக்கா வெறும் கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கையில் தழும்பு கடைசிவரை இருந்தது. "ஃபியூஸ் போனா அது தன் வேலையச் செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுமேல கோவப்படக் கூடாது," என்று அதன் பிறகு அடிக்கடி சொல்வார்.

இனி அந்த மாலை. ராகவன் சாரின் அப்பா விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் மோசமான நிலையில் இருந்தார். மாலை தாம்பரத்தில் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அதற்காக அவர் காலையிலேயே பெரிய பெட்டியோடு வந்திருந்தார். டிக்கிக்குள் அது சரியாக அடங்கவில்லை. கதவை இரண்டு மூன்று முறை ஓங்கி அறைந்து சாத்தினார். "அது கதவு சார், உங்க மேனேஜர் இல்ல," என்றார் அக்கா. ராகவன் சார்கூடச் சிரித்தார்.

மாலையில் சோழிங்கநல்லூர் தாண்டியதும் மழை கொட்டியது. மேடவாக்கத்துக்குச் சற்று முன்னால் வைப்பர் நின்றது. அக்கா ஓரம் கட்டி, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து புதிதாக ஒன்றைப் போட்டார். சாவியைத் திருப்பியதும் அதுவும் போயிற்று. கைவசம் வேறு இல்லை. ரேடியோவுக்கானது மட்டும் அதே அளவு. அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"போடுங்க மேடம்," என்றார் ராகவன் சார்.

"இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். எங்கேயோ ஒயர் வண்டியோட தகரத்தைத் தொடுது. அதைக் கண்டுபிடிச்சுட்டுப் போடறேன்."

"வைப்பர் இல்லாமலே மெதுவாப் போலாமே."

முயன்று பார்த்தோம். கண்ணாடி முழுக்க நீர்தான் தெரிந்தது. கொஞ்ச தூரம் நகர்ந்ததும் பானெட்டுக்கு ஒரு முழம் முன்னால் ரெயின்கோட் போட்ட ஒரு பைக்காரர் முளைத்தார். அக்கா பிரேக்கை மிதித்தார். பைக்காரர் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் அக்கா வண்டியை நகர்த்தவில்லை. ராகவன் சார் செல்போனில் கேப் தேடினார். ஒருவர் ஒப்புக்கொண்டு ரத்து செய்தார், பிறகு இன்னொருவர். நடுவில் அவர் தங்கை அழைத்தார். "வந்துட்டே இருக்கேன். அப்பா கிட்ட சொல்லு, வந்துட்டே இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சூயிங்கத்தை எடுத்து அதன் வெள்ளிக் காகிதத்தை உரித்தார்.

"மேடம், போன ஃபியூஸ்ல இதைச் சுத்திச் சொருகுங்க. தாம்பரம் வரைக்கும் தாங்கும்."

"தாங்கும். அதான் எனக்குப் பயம்."

"எங்கப்பா அங்க மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்காரு. உங்களுக்கு ஒயர் பெருசாப் போச்சா?"

அக்கா டூல் பெட்டியை இழுத்துத் திறந்தார்.

"நித்யா, நீயாவது சொல்லும்மா."

இருவர் பேச்சும் எனக்கு நியாயமாகவே பட்டது.

அக்காவின் டூல் பெட்டியில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு இருந்தது. அதில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்திருந்தார். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஒயர்களைச் சொருகினால், கோளாறு இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், விலகினால் அணையும். ஃபியூஸைப் பலிகொடுக்காமல் தேடலாம். சொருகினார், எரிந்தது. "நித்யா, இதையே பாரு. மாப்பிள்ளை போட்டோ பாக்குற மாதிரி மேலோட்டமா இல்ல, நிஜமாப் பாரு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மழையில் இறங்கி பானெட்டைத் திறந்து வைப்பர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றினார். "அணைஞ்சுதா?" "இல்லக்கா." உள்ளே வந்து டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். "இப்ப?" "எரியுதுக்கா." நனைந்த முடியிலிருந்து தண்ணீர் என் மடியில் சொட்டியது. ஃபியூஸை வைத்திருந்த அவருடைய இடது கை மூடியே இருந்தது. அது லேசாக நடுங்கியது.

ராகவன் சார் கதவைத் திறந்தார். "நான் நடந்தே போறேன்," என்றார். தாம்பரத்துக்கு நடந்து போக முடியாது என்று எங்களைப் போலவே அவருக்கும் தெரியும். பின்னால் போய், பெட்டியை எடுக்க டிக்கியைத் தூக்கினார்.

பல்பு அணைந்தது.

"அக்கா, அணைஞ்சிடுச்சு."

"சார், மூடுங்க," என்று அக்கா கத்தினார். அவர் ஆத்திரத்தோடு சாத்தினார். எரிந்தது. "திறங்க." அணைந்தது. அதற்குள் அக்கா பின்பக்கம் போய்விட்டார். டிக்கிக் கதவின் கீலுக்கருகே, அதே ஃபியூஸிலிருந்து பின்கண்ணாடி வைப்பருக்குப் போகும் ஒயர் மேல்தோல் பிய்ந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காகத் திறந்து மூடியதில் நைந்திருக்கும். காலையில் அறைந்ததில் மிச்சமும் போயிருக்கும். அக்கா அதைச் சொல்லவில்லை. ஒயரைத் துடைத்து, டேப் சுற்றி, ராகவன் சார் கையில் குடையைக் கொடுத்து, "நனையாமப் பிடிங்க," என்றார், அவ்வளவுதான். முன்னால் வந்து மூடியிருந்த கையைத் திறந்து ஃபியூஸைப் போட்டார். வைப்பர் ஓடியது.

தாம்பரத்தில் ராகவன் சார் பெட்டியோடு படிகளில் ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். அக்கா எஞ்சினை அணைக்கவில்லை. ராகவன் சார் திரும்பி வந்தபோது பெட்டியைத் தரையோடு இழுத்து வந்தார். ரயில் போய்விட்டிருந்தது. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "விழுப்புரத்துல எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டு, காரை விழுப்புரம் சாலைக்குத் திருப்பினார். நான் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, கண்ணாடியில் படியும் ஆவியைத் துணியால் துடைத்தபடியே கூடப் போனேன்.

அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வெள்ளிக் காகிதத்தைச் சுற்றியிருப்பேன். பக்கத்தில் ஒருவர் தன் அப்பாவுக்காகக் கெஞ்சும்போது, காரணம் தெரியாமல் கையைத் திறக்க மாட்டேன் என்று இருப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை நான் அன்று பார்த்தேன். அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் செய்தது சரிதான் என்று சில நாட்கள் தோன்றும், சில நாட்கள் தோன்றாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூடிய கை. அதன் நடுக்கத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் திண்டிவனத்தை நெருங்கும்போது ராகவன் சாரின் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து வந்த பிறகு அவர் அலுவலகப் பேருந்துக்கு மாறிக்கொண்டார். வழியில் பார்த்தால் அக்காவுக்குத் தலையசைப்பார், அவ்வளவுதான். குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. தை பிறந்த பிறகு ஒரு காலை, அக்கா வழக்கம்போல "கிளம்பிட்டேன்" என்று போட்டார். என்னை ஏற்றிக்கொண்டு செம்பாக்கம் ஏரி முனையில் திரும்பியபோது ராகவன் சார் தான் வழக்கமாக ஏறும் பழைய இடத்தில் நின்றிருந்தார். அக்கா வண்டியை நிறுத்தினார். ராகவன் சார் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.