சிவப்பு மை மேடம் வேண்டுமென்றே செய்த தப்பு

அந்தப் பொறியியல் கல்லூரியில் டிசைன் வகுப்பு எடுக்கும் மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சிவப்பு மை'. அவர் பேனா மூடியைத் திறந்தாலே பலர் பின்வரிசைக்கு நழுவிவிடுவார்கள். வரைபடத்தை நீட்டிவிட்டு நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்தபடியே சிவப்பு மையால் தப்புகளைச் சுழித்து, கிழி கிழியென்று கிழிப்பார். அவரும் அப்படி நின்று படித்தவர்தான்.

பக்கத்து வகுப்புக்குப் புது சார் வந்ததும் பிடித்தது சனி. சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் சிரிப்பு. ஒருநாள் மேடம் எட்டிப் பார்த்தார். சார் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட படத்தைப் பலகையில் ஒரு பெண் அழித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது சுத்தத் தப்பு!"

"அட ஆமா, சொதப்பிட்டேனே!"

அவள் மேடத்திடமும் பாடம் படிப்பவள், அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. இங்கே வாயைத் திறக்காதவள் அங்கே வெளுத்து வாங்குகிறாள். கடைசி வருட புராஜெக்ட்டுக்கு அவள் தன்னிடம்தான் வருவாள் என்று மேடம் நம்பியிருந்தார். அந்த வாரம்தான் அவள் முடிவு சொல்ல வேண்டும். மேடத்துக்கு வயிறு எரிந்தது. புகழ்ச்சிக்குப் பொறாமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறோம். இவருக்கோ, தன்னைக் குறை சொல்ல ஆளில்லையே என்று பொறாமை!

வீட்டில் கணவரிடம் கேட்டார்: "எங்கிட்ட என்ன குறை? தைரியமா சொல்லுங்க."

"எனக்கெதுக்கும்மா வம்பு?" என்று அவர் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மறுநாள் மேடம் பலகையில் ஒரு ஷாஃப்ட், அதாவது இயந்திரத்தில் சுழலும் தண்டு, வரைந்தார். இரண்டு முனையும் தடிமன். நடுவில் ஒல்லியான இடத்தில் அதைத் தாங்கும் ஒரு பேரிங் வளையம். எந்தப் பக்கத்திலிருந்தும் அந்த வளையத்தை உள்ளே நுழைக்கவே முடியாது. முதல் வருடப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல மேடம்!" என்று வகுப்பே கோரஸ் பாடியது. அத்தனை பேரும் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்துகொண்டார்கள். கெட்டிக்காரியும்தான்.

வகுப்பு முடிந்ததும் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் மேசை முன்னால் கைகட்டி நின்றாள்.

"பலகையில இருந்த தப்பு உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க போட்டது மேடம்."

"பக்கத்து கிளாஸ் சார் போட்டிருந்தா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பவே எழுந்து போய் அழிச்சிருப்பேன் மேடம்."

மேடத்துக்கு முகம் சிவந்தது. கை தானாகப் பேனாவைத் தேடியது. தேடிய கையாலேயே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரு," என்றார். "இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கே?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள், மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். உட்காரவில்லை.