ரோஸ்மேரிக்கு எழுதிய மனு

தரையில் விழுந்து நொதித்த முந்திரிப்பழத்தின் வாசனை... காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் அதுதான் உள்ளே வரும். பாதி இனிப்பு, பாதி கள். இப்போதும் யாராவது முந்திரிப்பருப்பை நீட்டினால் எனக்கு அந்தப் பழ வாசனைதான் ஞாபகம் வருகிறது.

மூன்று வருடம் இருக்கும். கல்லூரித் தோழி ஸ்டெல்லா, மகள் பிரசவத்துக்காகக் கணவரோடு மஸ்கட் கிளம்பினாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரித்தோப்புக்கு நடுவே அவர்கள் வீடு.

"பூட்டிப் போட்டா கரையான் தின்னுரும்டி. ரெண்டு மாசம் வந்து இரு. கோழிக்குத் தீனி போடு, செடிக்குத் தண்ணி ஊத்து. அம்புட்டுத்தான்" என்றாள்.

உடனே சரி என்றேன். கோழி மேல் உள்ள பாசத்தால் இல்லை.

சென்னையில் ஒரு டிவி சேனலில் ஸ்க்ரோல் எழுதுவது என் வேலை. திரைக்குக் கீழே ஓடுமே, அந்த ஒரு வரிச் செய்தி. பதினாறு வருடம் அதையே எழுதி எழுதி... இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. படிக்கவும் முடியவில்லை. ஒரு நாவலை ஆறு வருடமாகக் கைப்பையில் சுமந்தேன்; பதினோராம் பக்கத்தைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதியவள் நான். இனி அது திரும்பி வரவே வராதோ என்று பயமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். லீவ் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதல் வாரம் கொடுமை. டவர் மொட்டை மாடியில் மட்டும்தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை படியேறினேன். கோழிகளுக்கே என்னைப் பார்த்து அலுத்திருக்கும். நாவல் அதே பதினோராம் பக்கத்தில் நின்றது. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, நோட்டைத் திறந்து, தேதி எழுதி, மூடி வைப்பேன்.

தெருவில் போகிறவர்களுக்கு அது தெரியுமா? ஒரு பெண் பகலெல்லாம் மரத்தடியில் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்... மனு எழுதித் தருகிறவர். திங்கட்கிழமை தோறும் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்களே, அதற்கு.

இரண்டாம் வாரம் ரோஸ்மேரி வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். முந்திரி உடைக்கிற கொட்டகையில் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"டீச்சர், ஒரு மனு எழுதித் தாரீங்களா? காலைல வர்ற டவுன் பஸ்ஸு நம்ம விலக்குல நிக்க மாட்டேங்குது. கையக் காட்டக் காட்டப் போயிருது. முட்டி வலியோட கொட்டகைக்கு நடந்தே போறேன். லேட்டாப் போனா திருப்பி அனுப்பிர்றாங்க."

நான் டீச்சர் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. ஸ்க்ரோல் எழுதிப் பழகிய கை... ஒரே நிமிஷத்தில் எழுதி வாசித்தேன்.

"முந்திரித்தோப்பு விலக்கில் பேருந்து நிற்பதில்லை. பொதுமக்கள் கடும் அவதி. நடவடிக்கை எடுக்கக் கோரிக்கை."

இன்னும் வரும் என்று அவர் காத்திருந்தார். அவ்வளவுதான் இருந்தது.

"பொதுமக்கள்னா யாரு டீச்சர்?"

"நீங்கதான்."

"நான் ரோஸ்மேரில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை, தோப்புப் பாதை மெயின் ரோட்டில் போய்ச் சேரும் அந்த விலக்கில் நின்றோம். பஸ் வந்தது. ரோஸ்மேரி கை காட்டினார். பஸ் எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயேவிட்டது. நடந்தோம். மைல்கல் வந்ததும் சோற்று வாளியைக் கீழே வைத்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அப்புறம் குளத்தங்கரையில் ஒரு தடவை. அய்யனார் கோவில் புளியமரத்தடியில் ஒரு தடவை.

"இங்கிட்டுத்தான் நெழலு இருக்கு. மாதா கோவில்காரின்னு அய்யனாரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்று சிரித்தார்.

அன்றும் லேட். அன்றும் திருப்பி அனுப்பினார்கள். அதே தூரத்தை அவரோடு திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, என் பெயர் ரோஸ்மேரி' என்று ஆரம்பித்தேன். மைல்கல்லை எழுதினேன். வாளியை எந்த இடத்தில் எந்தக் கைக்கு மாற்றுகிறார் என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் நாலு பக்கம் ஆகியிருந்தது. வெயில் இறங்கிவிட்டது. கோழிக்குத் தீனி வைக்கவே மறந்திருந்தேன்.

சாயங்காலம் ரோஸ்மேரிக்கு வாசித்துக் காட்டினேன். தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"இம்புட்டையும் படிப்பாகளா டீச்சர்?"

"படிக்கணும்ல..." என்றேன்.

கையெழுத்துப் போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் நாவலை எடுத்தேன். பன்னிரண்டாம் பக்கம்... பதிமூன்று... வெளிச்சம் மங்கி எழுத்துத் தெரியாமல் போனபோது ஐம்பத்து மூன்றில் இருந்தேன். அழுதுவிட்டேன். துக்கமில்லை. தொலைந்தது என்று ஊரெல்லாம் தேடிய சாவி கைப்பையிலேயே கிடந்தால் வருமே, அந்த நிம்மதி.

அதற்குப் பிறகு மரத்தடிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டா, ரேஷன் கார்டு, குளத்து மடை... ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டேன். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. ஸ்டெல்லா பேரனின் போட்டோக்களோடு திரும்பி வருவதற்குள் மூன்று நாவல் முடித்திருந்தேன்.

நான் ஊர் திரும்பும் வாரத்தில் மாடியில் நின்றபோது போன் வந்தது.

"டீச்சர், பஸ்ஸு நின்னுச்சு. சன்னலோரமா ஒக்காந்துக்கிட்டுத்தான் பேசுறேன்."

மனு வேலை செய்ததா, டிரைவர் மாறிவிட்டாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது. உட்கார்ந்து போகிறாரே, போதும்.

இப்போது மறுபடி அதே சென்னை, அதே ஸ்க்ரோல். டவர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அன்று நாலு பக்கம் எழுத ஒரு பகல் இருந்தது. இன்று நாலு வரிக்கு நாலு நிமிஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நாவலோடு உட்கார்ந்துவிடுகிறேன். வேப்பமரம் இல்லை, பால்கனிதான். ஆனாலும் பக்கம் நகர்கிறது.

போன வாரம் ஷிஃப்டில் ஒரு செய்தி வந்தது. ஏதோ ஒரு ஊரில் பஸ் நிற்பதில்லையாம். 'பொதுமக்கள் அவதி' என்று கை தானாக அடித்துவிட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அழித்துவிட்டு, நிருபருக்கு போன் போட்டேன்.

"தம்பி, அங்க நிக்கிறவங்க பேர் என்ன? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."